காரணம் அறியப்படாத நோய்: இதயத்தசையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

நாம் பணியாற்றும் கல்லூரி காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிறு நகரில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர், விளையாட்டு விழாவுக்கான பயிற்சியின்போது இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் ஓட்டப்பாதையிலேயே சுருண்டு விழுந்து இறந்துபோனான். இருபது வயது நிரம்பாதவன்; அதற்கு முன் ஒருநாளும் நோயென்று படுத்தவனல்லன். உச்சிவேளையில் ஆற்றங்கரைப் புளியமரத்தடியைக் கடந்து வந்ததால் முனி அடித்துவிட்டது என்று ஊரார் சொன்னார்கள். கல்லூரிக்குள்ளோ போதைப் பழக்கம் என்றொரு வதந்தி உலவியது. இரண்டு தரப்பாரும் தத்தம் முடிவில் உறுதியாகவே இருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவனுடைய தந்தை, நான்காக மடித்த பிணக்கூறாய்வு அறிக்கையோடு நமது துறைக்கு வந்தார். "நீங்க தமிழ் வாத்தியார். இதுல என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லுங்க சார்" என்றார். அறிக்கையில் 'கார்டியோமயோபதி' என்றொரு சொல் இருந்தது. நமக்குத் தெரிந்த அளவில் பிரித்துப் பார்த்து, "இதயத்தசை நோய்" என்று சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அது ஏன் சார் வந்துச்சு? அவன் பீடி சிகரெட்டுகூடத் தொட்டதில்லையே" என்று கேட்டார். நம்மிடம் விடையில்லை. மொழிபெயர்ப்பதும் விளக்குவதும் ஒன்றல்ல என்பதை அன்று உணர்ந்தோம். அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து நாம் படித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை. நாம் மருத்துவரல்லர். ஒரு சொல்லின் வரலாற்றைத் தேடிச் சென்ற தமிழாசிரியர் மட்டுமே.

*

நெஞ்சு என்ற சொல்லை நம் மரபு தசையின் பெயராக அறிந்ததில்லை. அது நினைக்கும், வருந்தும், புலக்கும், தூது செல்லும். திருக்குறளின் 125ஆம் அதிகாரத்திற்கு 'நெஞ்சொடு கிளத்தல்' என்றே பெயர். தலைவி தன் நெஞ்சை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு பேசுகிறாள். இது தமிழர்க்கு மட்டுமே உரிய பார்வையுமன்று. மேற்குலகிலும் நெடுங்காலம் இதயம் உயிர் வெப்பத்தின் இருப்பிடமாகவே கருதப்பட்டது. உடலின் ஏனைய தசைகள் நம் விருப்பத்திற்குக் கட்டுப்பட்டவை, இதயம் கட்டுப்படாதது. ஆகவே அது மற்றத் தசைகளைப் போன்றதன்று என்பது கிரேக்க மருத்துவர் கேலனின் கருத்து. அக்கருத்து ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகள் நிலைத்திருந்தது.

1628இல் வில்லியம் ஹார்வி குருதிச் சுற்றோட்டத்தை விளக்கியபோது இதயம் குருதியை உந்தித் தள்ளும் உறுப்பாயிற்று. 1664இல் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்டென்சன் இதயத்தை அறுத்து, இழைகளைப் பிரித்துப் பார்த்து, இது தசை, வேறொன்றுமில்லை என்று எழுதினார். இன்றைக்கு எளிதாகத் தோன்றும் இந்த வாக்கியம் அன்று துணிச்சலானது. ஏறத்தாழ முந்நூறு கிராம் எடையுள்ள, நாளொன்றுக்கு இலட்சம் முறை சுருங்கி விரிகிற ஒரு தசைதான் இதயம் என்றால், தசைகளுக்கு வரும் கேடுகளெல்லாம் அதற்கும் வரலாம். அது தளரலாம், தடிக்கலாம், விறைக்கலாம். இம்மூன்றும்தாம் இன்றளவும் இதயத்தசை நோய்களின் மூன்று பெருவடிவங்கள்: பை போல விரிந்து வலுவிழந்த இதயம், சுவர் தடித்த இதயம், விரிய மறுத்து இறுகிய இதயம்.

ஆனால் இந்த அறிவு உடனே பலன் தந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருத்துவர்கள் கேட்பியைக் கையிலெடுத்தபின், காதால் கேட்கக்கூடிய வால்வுக் கோளாறுகளே அவர்கள் கவனத்தை ஈர்த்தன. தசை ஓசையெழுப்புவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதயத்தைச் சூழ்ந்த தமனிகளின் அடைப்பு விளக்கம் பெற்றது. மாரடைப்பு என்ற கருத்து உருவாயிற்று. அதன்பின் இதயம் செயலிழந்த எவரைக் கண்டாலும் வால்வா, தமனியா, இரத்த அழுத்தமா என்ற மூன்று கேள்விகளே போதுமானவையாகத் தோன்றின. இம்மூன்றிலும் அடங்காத நோயாளிகள் கணக்கில் வராதவர்களாயினர்.

அவர்களுக்கு ஒரு பெயர் கிடைத்தது 1957இல். லண்டனைச் சேர்ந்த வாலஸ் பிரிக்டன் என்னும் மருத்துவர் தமனி நோயால் வராத இதயத்தசைக் கேடுகளைத் தொகுத்தெழுதி, அவற்றைக் 'கார்டியோமயோபதி' என்று அழைத்தார். சொல் கிரேக்கத்திலிருந்து ஆக்கப்பட்டது. இதயம், தசை, துன்பம் என்ற மூன்று சொற்களின் கூட்டு. இடையிலிருக்கும் தசை என்னும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் எலி என்றும் பொருளுண்டு. தோலுக்கடியில் தசை அசைவது எலி ஓடுவதுபோலத் தோன்றியது போலும்.

இங்கே ஒரு விந்தையைக் குறிப்பிட வேண்டும். 1980இல் உலக நலவாழ்வு அமைப்பின் வல்லுநர் குழு இச்சொல்லுக்கு இலக்கணம் வகுத்தபோது, 'காரணம் அறியப்படாத இதயத்தசை நோய்' என்றே வரையறுத்தது. அதாவது, நோயின் இலக்கணத்திற்குள்ளேயே நமது அறியாமை வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. ஒரு நோய்க்குக் காரணம் தெரிந்துவிட்டால் அது அந்தப் பட்டியலை விட்டு வெளியேறிவிடும். பொருள் தெரிந்தவுடன் வழக்கொழிந்துபோகும் சொல்லைப் போல! 1995இல் இந்த வரையறை மாற்றப்பட்டது. காரணங்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியிருந்ததால் பழைய வேலி நிற்கவில்லை. அக்காரணங்கள் எங்கெங்கிருந்து வந்தன என்பதே இவ்வரலாற்றின் சுவையான பகுதி. அவை மண்ணிலிருந்தும், மதுக்கோப்பையிலிருந்தும், குருதி வழியிலிருந்தும், துக்கத்திலிருந்தும் வந்தன.

*

முதலில் மண். சீனத்தின் வடகிழக்கு மூலையில் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் கெஷான் என்றொரு வட்டாரம் உண்டு. 1935ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அங்கே மக்கள் திடீரென்று நெஞ்சில் அழுத்தம், குமட்டல், வாந்தி என்று தொடங்கி, கைகால் சில்லிட்டு இறந்தார்கள். அப்பகுதி அப்போது ஜப்பானிய ஆதிக்கத்தில் இருந்தது. கொள்ளைநோய் என்று ஐயுற்றனர். மூடிய வீட்டினுள் எரியும் அடுப்பின் நச்சுக்காற்று என்றும் ஐயுற்றனர். இரண்டும் முழுமையாகப் பொருந்தவில்லை. ஊரின் பெயரே நோயின் பெயராயிற்று. இறந்தவர்களில் பெரும்பாலோர் பிள்ளைபெறும் பருவத்துப் பெண்களும் குழந்தைகளும். அதிலும் தம் நிலத்தில் விளைந்ததை மட்டுமே உண்ணும் உழவர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

பின்னர்ச் சீன மருத்துவர்கள் நோய் கண்ட இடங்களையெல்லாம் நிலப்படத்தில் குறித்தபோது, வடகிழக்கிலிருந்து தென்மேற்கு நோக்கி நாட்டின் குறுக்கே ஒரு நீண்ட பட்டை தெரிந்தது. அதே பட்டையில் கால்நடைகளுக்கும் ஒரு தசைநோய் இருந்தது. அவற்றின் தசை வெளுத்துப் போகும். அந்நோய் செலினியம் என்னும் தனிமத்தின் குறைபாட்டால் வருவது என்று கால்நடை மருத்துவர்கள் முன்பே அறிந்திருந்தனர். ஆடுமாடுகளைப் பார்த்தவர்கள் மனிதர்களின் நோய்க்கு வழிகாட்டினார்கள். மண்ணை ஆராய்ந்தபோது அந்தப் பட்டை முழுவதிலும் செலினியம் மிகக் குறைவாக இருந்தது. மண்ணில் இல்லாதது பயிரில் இல்லை. பயிரில் இல்லாதது உண்டவர் குருதியிலும் இல்லை.

1974இல் தென்மேற்கே சிச்சுவான் மாகாணத்தின் மியான்னிங் வட்டாரத்தில் குழந்தைகளுக்குச் செலினிய உப்பு மாத்திரை கொடுத்துப் பார்த்தனர். அவ்வாண்டு மாத்திரை பெறாத 3,985 குழந்தைகளில் 54 பேருக்கு நோய் வந்தது. பெற்ற 4,510 பேரில் 10 பேருக்கு மட்டுமே. அடுத்த ஆண்டு பெறாத 5,445 பேரில் 52. பெற்ற 6,767 பேரில் 7. அதற்குமேல் ஒரு பிரிவினருக்கு மாத்திரையை மறுத்துக்கொண்டிருப்பது அறமாகாது என்று 1976இல் எல்லோருக்கும் கொடுத்தார்கள். எண்களால் நிரம்பிய மருத்துவ அறிக்கையில் இந்த இடம் நம்மை நிறுத்தியது. 54 என்பதும் 52 என்பதும் குழந்தைகள். சோதனையின் தெளிவுக்காகக் காத்திருந்த இரண்டாண்டுக்கு ஒரு விலை இருந்தது.

கதை அங்கே முடியவில்லை. மண் ஆண்டு முழுதும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. நோயோ பருவத்திற்குப் பருவம், ஆண்டுக்கு ஆண்டு ஏறியிறங்கியது. செலினியக் குறைவு மட்டும் இதை விளக்காது. நோயாளிகளிடம் காக்சாக்கி என்னும் வகை வைரஸ் காணப்பட்டது. 1990களில் அமெரிக்க ஆய்வாளர் மெலிண்டா பெக்கும் அவருடைய குழுவினரும் இதயத்திற்குத் தீங்கு செய்யாத காக்சாக்கி வைரஸ் வகையொன்றைச் செலினியம் குறைந்த எலிகளுக்குள் செலுத்தினர். சாதுவாயிருந்த வைரஸ் அவ்வெலிகளின் உடலில் பெருகும்போது தன் மரபெழுத்துகளில் சில மாறி, இதயத்தைத் தாக்கும் கொடியதாயிற்று. அப்படி மாறியபின், நல்லுணவு உண்ட எலிகளையும் அது தாக்கியது. இதன் பொருளை நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஏழையின் பசி அவன் உடலோடு நின்றுவிடுவதில்லை. அங்கே கூர்தீட்டிக்கொண்ட நோய் வயிறு நிறைந்தவன் வீட்டுக்கும் வரக்கூடும்.

செலினியம் என்ற பெயர் நிலவுத் தெய்வத்தின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது. 1817இல் அதைக் கண்டறிந்த பெர்சேலியஸ் வைத்த பெயர். திங்களின் பெயர் கொண்ட ஒரு தூசு மண்ணில் குறைந்ததால் கெஷான் பெண்கள் செத்தார்கள் என்பது கவிதைபோல ஒலிக்கலாம். செத்தவர்களுக்கு அதில் கவிதை ஏதுமில்லை.

*

அடுத்தது மதுக்கோப்பை. 1965ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் 1966 ஏப்ரல் வரை கனடாவின் க்யூபெக் நகரில் 48 ஆண்கள் இதயம் செயலிழந்து மருத்துவமனைகளில் சேர்ந்தனர்; அவர்களில் 20 பேர் இறந்தனர். எல்லோரும் பெருங்குடியர், பீர் அருந்துபவர். குடித்துச் செத்தார்கள் என்று கோப்பை மூடிவிடுவது எளிதாயிருந்திருக்கும். குடி அந்நகருக்குப் புதிதன்று, இந்த நோய் மட்டும் ஏன் புதிது என்று இவ் மோரின் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் கேட்டனர். அந்தக் கேள்விதான் விடையைத் தந்தது. நோய் தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்புதான் பீரின் நுரை நிலைத்து நிற்பதற்காகக் கோபால்ட் உப்பு சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். புதுவகைச் சலவைத் தூள்களால் கழுவிய கோப்பைகளில் எஞ்சிய பசை நுரையைக் கெடுத்தது. அதைச் சரிக்கட்டக் கோபால்ட். உப்புச் சேர்ப்பது நின்றது; புதிய நோயாளிகள் வருவதும் நின்றது. அமெரிக்காவின் ஒமாஹாவிலும் பெல்ஜியத்தின் லூவெனிலும் இதே கதை நிகழ்ந்திருந்தது.

நோயாளிகள் உட்கொண்ட கோபால்ட்டின் அளவு, அன்று இரத்தசோகைக்கு மருந்தாகவே கொடுக்கப்பட்ட அளவைவிடக் குறைவு. அம்மருந்தால் இப்படி யாரும் சாகவில்லை. ஆகவே, நெடுநாள் குடியும் சத்தற்ற உணவும் தளர்த்தி வைத்திருந்த இதயத்தைக் கோபால்ட் வீழ்த்தியது என்று முடிவு செய்தனர். ஒற்றைக் காரணம் தேடுபவருக்கு இதயத்தசையின் வரலாறு மீண்டும் மீண்டும் சொல்வது இதைத்தான். கெஷானில் மண்ணும் வைரசும்; க்யூபெக்கில் குடியும் கோபால்ட்டும் பசியும்.

காரணம் தேடிக் கிடைக்காத கதையும் உண்டு. அது நமக்கு மிக அண்மையில் நிகழ்ந்தது. 1940களின் பிற்பகுதியில் உகாண்டாவின் கம்பாலாவில் ஜே.என்.பி. டேவிஸ் என்ற நோய்க்கூறியலாளர், இதய அறைகளின் உட்புறம் வெண்மையாகத் தடித்து இறுகிப்போன உடல்களைக் கண்டு எழுதினார். அதே நோய் கேரளக் கடலோரத்திலும் ஏழைக் குடும்பத்துச் சிறுவர்களிடையே மிகுதியாகக் காணப்பட்டது. வயிறு வீங்கி, கால்கள் மெலிந்து, வளர்ச்சி குன்றிய சிறுவர்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தானும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்து, கடற்கரை மணலின் மோனசைட் தாதுவிலுள்ள சீரியம் என்னும் தனிமத்தையும் உடலில் மக்னீசியக் குறைவையும் இணைத்து ஒரு கருதுகோளை முன்வைத்தனர். அம்மண்ணில் விளையும் மரவள்ளிக் கிழங்கின் வழியே சீரியம் உடலுக்குள் போகிறது என்பது அவர்கள் எண்ணம்.

மோனசைட் என்றவுடன் தமிழகத்து வாசகர்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி நினைவுக்கு வரும். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் அத்தாதுவைக் கண்டுபிடித்தார். வணிகத்தின் பொருட்டுக் கண்டறியப்பட்ட அம்மணல் முக்கால் நூற்றாண்டு கழித்து மருத்துவத்தின் ஐயப்பட்டியலில் ஏறியது. ஆனால் அக்கருதுகோள் முற்றாக நிறுவப்படவில்லை. அதற்குள் கேரளத்தில் உணவும் வாழ்நிலையும் மேம்பட, நோயே பெரும்பாலும் மறைந்துவிட்டது. இன்னதால் வந்தது என்று உறுதியாகச் சொல்லப்படாமலே போய்விட்டது. ஆய்வாளனுக்கு இது ஏமாற்றம். அந்தக் கரையில் பிறக்கும் குழந்தைக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

*

இனி நம் மாணவனின் நோய்க்கு வருவோம். 1958இல் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் நோய்க்கூறியலாளர் டொனால்ட் டேர் ஒரு கட்டுரை எழுதினார். திடீர்ச் சாவுகளின் உடல்களை ஆராய்வது அவர் தொழில். பின்னாளில் 1973இல் புரூஸ் லீ இறந்தபோது ஹாங்காங் விசாரணையில் சாட்சியம் அளித்தவர் என்றால் வாசகர்களில் சிலருக்கு நினைவு வரலாம். நல்ல உடல்நலத்தோடிருந்து சட்டென்று இறந்த இளம் வயதினரின் இதயங்களில் அவர் ஒரே மாதிரியான கோலத்தைக் கண்டார். இரு கீழறைகளையும் பிரிக்கும் நடுச்சுவர் ஒருபுறமாகத் தடித்திருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் தசை இழைகள் வரிசையாகக் கிடக்காமல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடந்தன. நெய்த துணிக்குப் பதில் சிக்குப் பிடித்த நூற்கண்டு. இதயத்தின் மின்னோட்டம் ஒழுங்காகப் பரவ வேண்டுமென்றால் இழைகளும் ஒழுங்காக இருக்க வேண்டும். சிக்கிக்கொண்ட இடத்தில் துடிப்பு தாளம் தப்பி, வெறும் நடுக்கமாகிவிடுகிறது. ஓடும்போதோ விளையாடும்போதோ இது நேரலாம். ஒன்றும் செய்யாதிருக்கும்போதும் நேரலாம்.

இரண்டாண்டுகளில், 1960இல், டேரும் பிற மருத்துவர்களும் சேர்ந்து ஒரே குடும்பத்தில் பலருக்கு இந்நோய் இருப்பதை எழுதினர். 1961இல் கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் பல தலைமுறைகளாக இது தொடரும் ஒரு பெருங்குடும்பத்தை மாண்ட்ரீல் மருத்துவர்கள் விவரித்தனர். அக்குடும்பமே முப்பதாண்டுகளுக்குப்பின் விடையளித்தது. 1989இல் ஹார்வர்டின் சைட்மன் இணையரும் அவர்களுடைய குழுவினரும் அக்குடும்பத்தாரின் குருதியை ஆராய்ந்து, நோய்க்கான மரபணு 14ஆம் குரோமோசோமில் இருப்பதைக் கண்டனர். 1990இல் அது இதயத்தசையின் இழுவிசைக்கு அடிப்படையான மயோசின் புரதத்தின் மரபணு என்பது தெரிந்தது. அப்புரதத்தின் நீண்ட சங்கிலியில் 403ஆம் இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருந்தது. தமிழாசிரியரான நமக்கு இது நன்றாகவே விளங்குகிறது. ஓரெழுத்து மாறினால் பாட்டின் பொருளே திரிந்துபோவதைச் சுவடிப் பதிப்பு வரலாறு நமக்குக் கற்பித்திருக்கிறது. இங்கே ஏடு பெயர்த்தெழுதுபவன் உடல். பிழை தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படுகிறது. பெற்றோருள் ஒருவரிடம் பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது செல்லும் வாய்ப்பு சரிபாதி.

இத்தகைய பிழைகள் இன்று நூற்றுக்கணக்கில் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று தெற்காசியரிடம் காணப்படுவது. மயோசினோடு சேர்ந்தியங்கும் இன்னொரு புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன பிழை அது. 2009இல் ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜும், மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், பிறரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, தெற்காசியரில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடம் இப்பிழை உள்ளதென்றும், இவர்களுக்குப் பிற்காலத்தில் இதயம் தளரும் வாய்ப்பு மிகுதி என்றும் கூறியது. பிள்ளை பெற்று வளர்த்த பிறகே தொல்லை தருவதால் இப்பிழை பல்லாயிரம் ஆண்டுகளாகக் களையப்படாமல் கைமாறி வந்திருக்கிறது. ஆயினும், இது இருப்பவரெல்லாம் நோயாளியாவதில்லை. 2018இல் வந்த ஆய்வு, இதனோடு சேர்ந்து வரும் மற்றொரு மாற்றமே தீங்குக்குக் காரணமாயிருக்கலாம் என்று காட்டியது. விதியென்று சொல்லிவிட இன்னும் இடமில்லை.

காரணம் தெரிந்ததால் ஆனதென்ன என்று கேட்கலாம். 1953இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் கப்பல் தளத்தில் உலோக விரிசல் பார்க்கும் மீயொலிக் கருவியை இரவல் வாங்கி வந்து, மார்பின் மேல் வைத்து, இதயத்தின் அசைவைப் பார்த்தார்கள். இன்று சிறு நகரங்களிலும் எக்கோ என்று எடுப்பது அதுதான். உடலை அறுத்துத்தான் பார்க்க முடியும் என்றிருந்த சுவரின் தடிப்பை, உயிரோடிருக்கும்போதே மில்லிமீட்டர் கணக்கில் அளக்க முடிகிறது. 1980இல் அமெரிக்காவில் மிரோவ்ஸ்கி என்பவரின் முயற்சியால், தாளம் தப்பிய இதயத்தை மின்னதிர்ச்சி தந்து மீட்கும் சிறு கருவி முதன்முதலாக உடலுக்குள் வைக்கப்பட்டது. தம் ஆசான் இதயத் துடிப்புக் கோளாறால் இறந்ததைக் கண்டபின் அதற்கென உழைத்தவர் அவர். 2022இல் மயோசினின் மிகையான இழுப்பைத் தணிக்கும் மருந்தொன்று அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. டேரின் அறுவை மேசைக்கும் அம்மருந்துக்கும் இடையே அறுபத்து நான்கு ஆண்டுகள்.

*

துக்கத்தைப் பற்றி ஒரு சொல். சிலப்பதிகாரத்துப் பாண்டியன், தான் தவறிழைத்ததை உணர்ந்த கணத்தில் அரியணையிலேயே வீழ்ந்து இறக்கிறான். கோப்பெருந்தேவியும் உடன் வீழ்கிறாள். வகுப்பில் இதை நடத்தும்போது, இப்படி நடக்குமா ஐயா என்று யாரேனும் கேட்பதுண்டு. காப்பிய மரபு என்று சொல்லிக் கடந்துவிடுவோம். 1990இல் ஜப்பானின் ஹிரோஷிமாவைச் சேர்ந்த சாத்தோ என்ற மருத்துவர் ஒரு புதுவகை இதயத்தசைத் தளர்ச்சியை விவரித்தார். தமனிகளில் அடைப்பில்லை, ஆனால் இதயத்தின் கீழ்முனை உப்பி, கழுத்துக் குறுகிய குடம்போல ஆகிவிடுகிறது. ஜப்பானிய மீனவர் பேய்க்கணவாய் பிடிக்கப் பயன்படுத்தும் பானையின் வடிவம் அது. அதனால் 'டகோட்சுபோ' என்ற அப்பானையின் பெயரையே நோய்க்கும் வைத்தார்கள். பெரும்பாலும் நடுவயது கடந்த பெண்களுக்கு, உற்றார் சாவு, பேரச்சம் போன்றவற்றின் பின்னே இது வருகிறது. 2004 அக்டோபரில் நீகாட்டா நிலநடுக்கத்தை அடுத்து அப்பகுதியில் இந்நோயாளிகள் பெருகினர். பலர் சில வாரங்களில் மீள்கிறார்கள், சிலர் மீள்வதில்லை. இதைக்கொண்டு பாண்டியனுக்கு நோய்ப்பெயர் சூட்ட நாம் முயலவில்லை. நெஞ்சு வேறு, தசை வேறு என்று ஸ்டென்சனுக்குப்பின் பிரித்துவைத்த கோடு நாம் நினைத்த அளவு அழுத்தமானதன்று என்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது.

இவ்வளவையும் படித்துமுடிக்க நமக்கு ஓராண்டாயிற்று. அதற்குள், படித்தவற்றில் ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாதது என்று தெரிந்ததால், மாணவனின் ஊருக்குச் சென்றோம். அவனுடைய தந்தையிடம், குடும்பத்தில் வேறு யாராவது இளவயதில் திடீரென்று இறந்ததுண்டா என்று கேட்டோம். "என் தம்பி. நடவு நேரத்துல வரப்புலயே சாஞ்சுட்டான். பாம்புன்னு சொன்னாங்க. கடிவாய் எதுவும் இல்லே" என்றார். வீட்டில் அப்போது பள்ளியிறுதி படித்த ஒரு மகள் இருந்தாள். அவளுக்கும் அவருக்கும் எக்கோ எடுக்க வேண்டுமென்றோம். உடனே சம்மதிக்கவில்லை. பெண் பிள்ளைக்கு நோயென்று ஊரில் பேர் ஆகிவிடும் என்பது அவர் கவலை. அதை நாம் எளிதாக ஒதுக்கிவிடவில்லை. அந்த ஊரில் அது உண்மையான கவலை. மூன்றாம் முறை போனபோது இசைந்தார்.

மகளுக்கு நடுச்சுவர் தடித்திருந்தது. அவருக்கும் சிறிதளவு இருந்தது. மகள் மருத்துவர் சொற்படி மாத்திரை எடுத்துக்கொள்கிறாள்; ஆண்டுதோறும் சோதித்துக்கொள்கிறாள்; கபடிக் குழுவிலிருந்து விலகிவிட்டாள். பட்டப்படிப்பை முடித்து வேலைக்கும் போகிறாள். ஆனால் அன்று மருத்துவமனை வாசலில் அவர் கேட்ட கேள்வியை நாம் எதிர்பார்க்கவில்லை. "அப்ப முனி இல்லே, நான்தானா சார்? என்கிட்டேருந்துதான் அவனுக்குப் போச்சா?"

காரணம் என்பதும் குற்றம் என்பதும் நம் பேச்சில் எப்போதும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. யார் மேலாவது பழி விழாமல் ஒரு சாவை நம்மால் புரிந்துகொள்ள முடிவதில்லை. அந்தப் பழி முனியின் மேல், போதையின் மேல், குடியின் மேல் விழுகிறது. கடைசியில் பெற்றவன் மேலேயே விழுகிறது. கெஷான் பெண்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. தம் நிலத்தில் விளைந்ததை உண்டார்கள். க்யூபெக் குடியர்களிடம் தவறிருந்தாலும் சாவுக்கான தண்டனை அதற்குரியதன்று. பிழையுள்ள ஏட்டைக் கைம்மாற்றியவன் பிழையைச் செய்தவனல்லன். அவனுக்கும் அது இன்னொரு கையிலிருந்து வந்தது. இதை நமக்குத் தெரிந்த தமிழில் அவரிடம் சொன்னோம். "உங்க கையில இருந்தது எதுவும் தப்பில்லீங்க. இப்ப மகளைப் பாத்துக்கிறதுதான் உங்க கையில இருக்கு" என்று சொன்னோம். அவர் தலையசைத்தார். நம்பினாரா என்று தெரியாது.

வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு. உங்கள் குடும்பத்தில் இளவயதிலேயே காரணம் தெரியாமல் யாரேனும் இறந்திருந்தாலோ, ஓடும்போது மயங்கி விழுந்திருந்தாலோ, அந்தக் கதையை மருத்துவரிடம் ஒருமுறை சொல்லுங்கள். உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு எக்கோ எடுத்துப் பாருங்கள். வீட்டுத் திண்ணைகளில் முனிக்கதையாகவும் பாம்புக்கதையாகவும் கிடப்பவற்றுள் சில, யாருடைய உயிரையேனும் காக்கக்கூடிய குறிப்புகளாக இருக்கலாம்.